வெள்ளை பெயின்ட் பொடியில் பிடித்த வெயில்

சோலார் செல் பற்றி வாரத்துக்கு ஒரு செய்தியாவது கண்ணில் படுகிறது. "புதிய நானோ பொருள் கண்டுபிடிப்பு, இனி மின்சாரம் பாதி விலை" என்கிற ரகம். உள்ளே போய்ப் படித்தால், ஏதோ ஓர் ஆய்வகத்தில், விரல் நகத்தைவிடச் சின்ன செல் ஒன்றில், ஒரு சதவீதம் கூடியிருக்கும். அந்த ஒரு சதவீதம் லேசுப்பட்டதில்லை, அதற்காக யாரோ சில வருஷம் ராத்தூக்கம் கெட்டு பிஎச்டி செய்திருப்பார்கள், ஆனால் செய்தி போடுகிறவருக்கு அது போதாது, உலகமே மாறியாக வேண்டும். சரி, நானோ நானோ என்கிறார்களே, அது அங்கே என்னதான் வேலை செய்கிறது என்று கேட்டால் அந்தச் செய்திகளில் பதில் இருக்காது. எம்.எஸ்சி. படிக்கும்போது, நானோ பொடியில் சாயம் ஏற்றிச் செய்கிற சாய சோலார் செல்லைக் கையால் செய்து பார்த்தவன் என்கிற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சிலிக்கான். மாடிகளில் பார்க்கிற கறுப்புப் பேனல் எல்லாம் அதுதான். 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சுமார் 6 சதவீதத் திறனோடு (திறன் என்பது விழுகிற ஒளியில் மின்சாரமாக மாறுகிற பங்கு) வந்தது, இன்று ஆய்வகத்தில் 27 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் ஒளியை உறிஞ்சுவதில் சிலிக்கான் மந்தம். அதனால் ஓரளவு தடிமனாக, 150 மைக்ரான் பக்கம் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வைக்க வேண்டியிருக்கிறது. தடிமன் கூடினால், உள்ளே எங்கோ பிறக்கிற எலக்ட்ரான் அவ்வளவு தூரம் நடந்து வெளியே வர வேண்டும். நடுவில் ஒரு அசுத்த அணு குறுக்கே வந்தால் அங்கேயே முடிந்துவிடும். ஆகவே பொருள் படுசுத்தமாக இருக்க வேண்டும், அதற்கு ஆயிரத்து நானூறு டிகிரிக்கு மேல் உருக்க வேண்டும், அதற்கு எக்கச்சக்க மின்சாரம் வேண்டும். ஒளியை உறிஞ்சுவது, எலக்ட்ரானைச் சுமந்து வெளியே கொண்டுவருவது இரண்டையும் ஒரே பொருளின் தலையில் கட்டுவதால் வருகிற தொல்லை இது.

அப்படியானால் வேலையைப் பிரித்துக் கொடுத்தால் என்ன? உறிஞ்ச ஒரு பொருள், சுமக்க வேறொரு பொருள். இந்த யோசனை புகைப்படக் கலையிலிருந்தே வந்தது. 1873-ல் பெர்லினில் ஹெர்மன் ஃபோகல் என்பவர், நீல ஒளியை மட்டுமே உணர்ந்துகொண்டிருந்த வெள்ளி உப்புத் தகட்டில் சாயம் சேர்த்தால் அது பச்சை ஒளிக்கும் மசிகிறது என்று கண்டார். ஒளியைப் பிடிப்பது சாயம், அதன் பலனை வாங்கிக்கொள்வது வெள்ளி உப்பு. இதே வித்தையை வைத்து மின்சாரம் எடுக்கலாமே என்று பின்னால் பலர் முயன்றார்கள். துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு மாதிரி வெள்ளைப் பொருள்களின் மேல் சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். டைட்டானியம் டை ஆக்சைடு வேறொன்றுமில்லை, சுவர் பெயின்டுக்கு வெள்ளை கொடுக்கிற பொடி. பல் தேய்க்கிற பேஸ்ட்டிலும் சன்ஸ்கிரீனிலும் இருப்பது அதுதான். கிலோ கணக்கில் மலிவாகக் கிடைப்பது.

வேலை செய்தது, ஆனால் திறன் பரிதாபம். காரணம் எளிது. சாயத்தில் அந்த வெள்ளைப் பரப்பை நேராகத் தொட்டுக்கொண்டிருக்கிற மூலக்கூறுதான் எலக்ட்ரானைக் கொடுக்க முடியும். அதற்கு மேல் எத்தனை அடுக்கு அப்பினாலும் வீண், சொல்லப்போனால் கெடுதல். சரி, ஒரே ஒரு அடுக்கு மட்டும் வைக்கலாம் என்றால், ஒரு மூலக்கூறு தடிமனுள்ள சாயம் விழுகிற ஒளியில் ஒரு சதவீதத்தைக்கூடப் பிடிக்காது. மிச்சம் அப்படியே ஊடுருவிப் போய்விடும். அடுக்கு கூடினாலும் நஷ்டம், குறைந்தாலும் நஷ்டம். 1976-ல் ஒசாகாவில் நுண்துளையுள்ள துத்தநாக ஆக்சைடில் சாயம் ஏற்றி நிலைமையைக் கொஞ்சம் தேற்றினார்கள், அவ்வளவுதான்.

நானோ உள்ளே வருகிற இடம் இதுதான். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் வெளிப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 20 நானோமீட்டர் (மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்) பக்கமுள்ள குட்டிக் கனசதுரங்களாக நறுக்கினால் மொத்தப் பரப்பு 300 சதுர மீட்டர். ஒன்றேகால் கிரவுண்டுக்கு மேல்! பொருள் அதே அளவு, ஒரு துளிகூடச் சேர்க்கவில்லை. நானோ என்றதும் குவாண்டம், மாயம் என்று போகிறார்களே, இந்த செல்லில் அதெல்லாம் இரண்டாம்பட்சம். இங்கே நானோ என்றால் இடம். சாய மூலக்கூறுகள் உட்கார மனைக்கட்டு.

சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்துக் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் மைக்கேல் கிரேட்செல் செய்தது இதைத்தான். பிரையன் ஓ'ரீகனும் அவரும் சேர்ந்து 1991 அக்டோபரில் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை ரொம்பச் சின்னது, நாலே பக்கம். டைட்டானியம் டை ஆக்சைடு நானோ துகள்களைக் கண்ணாடி மேல் பத்து மைக்ரான் தடிமனுக்குப் பூசிச் சூடாக்குகிறார்கள். துகள்கள் ஒன்றோடொன்று லேசாக ஒட்டிக்கொண்டு, காய்ந்த பீர்க்கங்கூடு மாதிரி உள்ளே முழுக்கப் பொந்தும் நாருமாக நிற்கிறது. பத்து மைக்ரான் என்பது தலைமுடியின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது, ஆனால் அதன் உள்பரப்பு கண்ணாடியின் பரப்பைப்போல ஆயிரம் மடங்கை நெருங்கும். எல்லாப் பொந்துக்குள்ளும் ஒரே அடுக்காக, ருத்தேனியம் என்கிற உலோகம் கலந்த சாயம் ஒட்டிக்கொள்ள, ஒளி உள்ளே புகுந்து தப்பித்துப் போக வழியில்லை. அவர்கள் காட்டிய திறன் 7-லிருந்து 8 சதவீதம். மேகமூட்ட நாளில் கிடைக்கிற மாதிரியான பரவலான ஒளியில் 12. இந்தப் பன்னிரண்டை மறக்காதீர்கள், பின்னால் திரும்ப வரும்.

இந்த லோசான் குழு பற்றி இன்னொரு விஷயம், இது நம் வீட்டுக் கதை. இணையத்தில் தமிழ் படிக்கிற யாரும் மதுரைத் திட்டத்தின் மின்னூல் ஒன்றையாவது இறக்கியிருப்பீர்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய அந்தத் திட்டத்தை முன்னின்று நடத்திய கு. கல்யாணசுந்தரம், கிரேட்செலோடு லோசானில் வேலை பார்த்த ஒளிவேதியியல் விஞ்ஞானி. சாய சோலார் செல்கள் பற்றி ஒரு முழு நூலையே தொகுத்தவர். திருக்குறளும் சங்கப் பாட்டும் திரையில் வருவதற்கு உழைத்த அதே கை, பகலில் ருத்தேனியச் சேர்மங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. இது தெரிய வந்த நாளில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

இந்த செல்லின் அழகே, இதைச் செய்யப் பெரிய கூடம் தேவையில்லை என்பதுதான். எங்கள் கல்லூரி லேபில் இருந்தது ஒரு ஃபர்னஸ், ஒரு மல்டிமீட்டர், ஒரு கல்வம். மின்கடத்தும் பூச்சு போட்ட கண்ணாடியை எடுத்து, எந்தப் பக்கம் பூச்சு என்று மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும், ஏனென்றால் கண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். மின்தடையைச் சில ஓம் கணக்கில் காட்டுகிற பக்கத்தை மேலே வைத்து, இரண்டு ஓரத்திலும் செலோடேப் ஒட்ட வேண்டும். அந்த டேப்பின் தடிமன்தான் ஈரப்பூச்சின் தடிமன். டைட்டானியம் டை ஆக்சைடு நானோ பொடியைக் கல்வத்தில் போட்டு, நீர்த்த அசிட்டிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அரைக்க வேண்டும், அரைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கை வலிக்கிறது என்று நிறுத்தினால் பூச்சில் கட்டி தெரியும். பதம் வந்ததும் ஒரு சொட்டு வைத்து, கண்ணாடிக் குச்சியை ஒரே இழுப்பாக இழுத்தால் பால் வெள்ளையில் ஒரு படலம். ஒரே இழுப்பு. இரண்டாவது தடவை திரும்பி இழுத்தால் கோடு விழும்.

அப்புறம் 450 டிகிரியில் அரைமணி நேரம். அரைத்த விழுதில் பிசின் மாதிரி ஏதாவது கரிமப்பொருள் சேர்த்திருந்தால் நடுவழியில் படலம் மஞ்சளாகி, காப்பி நிறத்துக்குப் போகும், கருகிவிட்டது என்று புதிதாக வருகிற மாணவர்கள் பதறுவார்கள். பதற வேண்டாம், பிசின் எரிகிறது. சூடு ஏற ஏற மறுபடி வெள்ளையாகிவிடும். நிஜமாகப் பதற வேண்டியது குளிரவைக்கும்போதுதான். அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் கண்ணாடி டப்பென்று விரிசல் விடும்.

ருத்தேனியச் சாயம் வாங்க எங்கள் துறைக்குக் கட்டுப்படியாகாது. அதனால் எல்லாரும் செய்கிற மாதிரி செம்பருத்தி, நாவல்பழம், மாதுளை. செம்பருத்திச் சாறு பாட்டிலில் நல்ல சிவப்பாக இருக்கும், அதில் அந்த வெள்ளைப் படலத்தை முக்கி வைத்தால், எடுக்கும்போது ஊதா. சாயம் டைட்டானியத்தோடு நிஜமாகவே வேதிப்பிணைப்பு போட்டுவிட்டது என்பதற்கு அந்த நிறமாற்றம்தான் அத்தாட்சி. வெறுமனே கறை பட்டிருந்தால் எத்தனாலில் அலசும்போது போய்விடும், இது போகாது. எதிர்ப்பக்கக் கண்ணாடியில் பென்சில் கரி அல்லது மெழுகுவர்த்திப் புகை. இரண்டையும் முகம் பார்க்க வைத்து, பைண்டர் கிளிப் போட்டு, இடுக்கில் அயோடின் கரைசலை ஒரு சொட்டு விட்டால் அது தானாக உள்ளே ஊறிப் போவதைப் பார்க்கலாம். மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் மல்டிமீட்டரை வைத்தால் 0.4 வோல்ட் பக்கம் காட்டும். கையை நிழலாகப் பிடித்தால் இறங்கும், எடுத்தால் ஏறும். மின்னோட்டம் என்னவோ அற்பம்தான், வோல்டேஜும் போதாது, ஒரு கால்குலேட்டர் ஓட்ட வேண்டும் என்றாலே நாலைந்து செல்லைத் தொடராகக் கோக்க வேண்டும். பூச்சாயத்தில் ஒரு சதவீதத் திறன் வந்தாலே பெரிய விஷயம்.

உள்ளே நடப்பது சுவாரசியமான ஓட்டப்பந்தயம். ஒளி பட்டதும் சாயம் தன் எலக்ட்ரானை டைட்டானியம் டை ஆக்சைடுக்குள் தள்ளிவிடுவது ஃபெம்டோ விநாடிக் கணக்கில் முடிந்துவிடுகிறது, ஒரு விநாடியைப் பத்து லட்சம் கோடியாக வகுத்தால் வருகிற சொச்சத்துக்குள். ஆனால் அந்த எலக்ட்ரான் துகளுக்குத் துகள் தட்டுத் தடுமாறி, வழியில் பள்ளம் பள்ளமாக விழுந்து எழுந்து, கண்ணாடிப் பூச்சை அடைய மில்லி விநாடிகள் ஆகும். நடுவே கரைசலில் (எலக்ட்ரானை இழந்த சாயத்துக்கு ஈடு கொடுக்க வைத்தது) இருக்கிற அயோடின் அதைப் பிடுங்கிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. பிடுங்குவதில்லை, அல்லது ரொம்ப நிதானமாகப் பிடுங்குகிறது. அயோடைடு, அயோடின் ஜோடியின் இந்தச் சோம்பேறித்தனம்தான் இந்த செல்லையே சாத்தியமாக்கியது, ஒரு தலைமுறைக்கு வேறு கரைசல் அதன் இடத்தைப் பிடிக்க முடியவில்லை. படலம் படுசுத்தமாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கும் விளக்கம் இங்கேயே இருக்கிறது. சிலிக்கானில் எலக்ட்ரானும் அது விட்டு வந்த வெற்றிடமும் ஒரே பொருளுக்குள் அலைகின்றன, ஒரு அசுத்தம் கிடைத்தால் இரண்டும் அங்கே சந்தித்து வெப்பமாகித் தீர்ந்துபோகும். இங்கே வெள்ளைப் பொடிக்குள் எலக்ட்ரான் மட்டும்தான் இருக்கிறது. சந்திக்க ஆளே இல்லை.

அப்படியிருந்தும் ஏன் நம் மாடிக்கு வரவில்லை? 1993-லேயே 10 சதவீதம் தொட்டுவிட்டார்கள். 2011-ல் 12.3. பதினெட்டு வருஷத்தில் இரண்டு சதவீதம், அதற்குள் சீனத் தொழிற்சாலைகள் சிலிக்கானின் விலையைப் படுக்கவைத்துவிட்டன. "மலிவு" என்று சொல்லி வந்த பொருளுக்கு மலிவு என்கிற வாதமே போய்விட்டது. போதாததற்கு உள்ளே திரவம். வெயிலில் விரிந்து ஓரத்துப் பசையை மீறிக் கசிகிறது, அயோடின் வெள்ளிக் கம்பியைத் தின்கிறது. பேட்டரி கசிந்த டார்ச்சைத் திறந்து பார்த்தவர்களுக்கு இந்த வேதனை புரியும்.

இப்போது கதை யோகோஹாமாவுக்குப் போகிறது. டோயின் பல்கலைக்கழகத்தில் சுதோமு மியாசகாவின் குழு, 2009-ல், ருத்தேனியச் சாயத்துக்குப் பதிலாக மெத்தில் அமோனியம் ஈய அயோடைடு என்கிற பெரோவ்ஸ்கைட் (ஒருவகைப் படிக அமைப்பின் பெயர்) படிகத்தை அதே டைட்டானியம் டை ஆக்சைடுப் பொந்துகளில் வைத்தது. திறன் 3.8 சதவீதம். அந்தப் படிகம் அதே திரவத்தில் சில நிமிஷத்தில் கரைந்தும் போனது. பெரும்பாலானோர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நானாக இருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன். 2011-ல் கொரியாவில் நாம்-கியூ பார்க் குழு இரண்டு மூன்று நானோமீட்டர் படிகங்களாக வைத்து 6.5 வரை ஏற்றியது, கரைகிற பிரச்சினை போகவில்லை. 2012-ல் திரவத்தைத் தூக்கிப்போட்டுவிட்டுத் திடப்பொருள் ஒன்றை வைத்ததும் 9.7. அதே வருஷம் ஆக்ஸ்ஃபோர்டில் ஹென்றி ஸ்னேத், இவர் முன்பு கிரேட்செலின் லேபில் இருந்தவர், மியாசகாவோடு சேர்ந்து வெளியிட்ட கட்டுரைதான் எனக்கு இந்த மொத்த வரலாற்றிலும் பிடித்தது. டைட்டானியம் டை ஆக்சைடுப் பொந்துக்குப் பதிலாக அலுமினாப் பொந்து வைத்தார்கள். அலுமினா மின்கடத்தாப் பொருள். எலக்ட்ரான் அதற்குள் நுழையவே முடியாது. சாய செல்லின் தர்க்கப்படி பார்த்தால் அந்த செல் செத்துக் கிடக்க வேண்டும். மாறாக 10.9 சதவீதம் வந்தது, வோல்டேஜும் கூடியது!

அப்படியென்றால் எலக்ட்ரானைச் சுமந்தது யார்? பெரோவ்ஸ்கைட்டேதான். உறிஞ்சுவது ஒருவர், சுமப்பது ஒருவர் என்று இருபது வருஷமாகப் பிரித்து வைத்த வேலையை, சாயத்தின் இடத்துக்கு வாடகைக்கு வந்தவர் தனியாகவே செய்துகொண்டிருந்திருக்கிறார். 2013-ல் பொந்தே இல்லாமல், ஆவியாகப் படியவைத்த தட்டையான படலத்தில் 15 சதவீதம் தாண்டியது. அரை மைக்ரான் தடிமன் போதும், அதற்குள் பிறக்கிற எலக்ட்ரான் ஒரு மைக்ரானுக்கு மேல்கூட நடக்கும் என்று அளந்தும் காட்டினார்கள். ஆக, நானோ பொந்துகளுக்காகவே பிறந்த ஒரு துறை, அந்தப் பொந்துக்குள்ளேயே தனக்கு அடுத்த ஆளை வளர்த்துவிட்டு, பொந்து தேவையில்லை என்று கண்டுபிடித்தது. (முழுக்க விட்டுவிடவில்லை. சாதனை படைத்த பல செல்களில் மெல்லிய துளைப்படலம் பல வருஷம் இருந்தது.)

இந்த இடத்தில் கொஞ்சம் பொரிந்து தள்ளிக்கொள்கிறேன். 2013, 14 வாக்கில் பெரோவ்ஸ்கைட் கட்டுரைகள் மழையாகக் கொட்டின. பிறகுதான் தெரிந்தது, வோல்டேஜை மேலிருந்து கீழே இறக்கி அளந்தால் ஒரு திறன், கீழிருந்து மேலே ஏற்றி அளந்தால் வேறு திறன். படிகத்துக்குள் அயனிகளே நகர்கின்றன, அதனால் செல் தன் பழைய நிலையை நினைவில் வைத்திருக்கிறது. எந்தத் திசையில் நல்ல எண் வந்ததோ அதைத் தலைப்பில் போட்டவர்கள் குறைவில்லை. அதோடு பரப்பு. சாதனை என்று சொல்லப்படுகிற எண்கள் பெரும்பாலும் ஒரு சதுர சென்டிமீட்டர் அல்லது அதைவிடச் சின்ன செல்லில் எடுத்தவை. அடுத்த முறை இப்படி ஒரு செய்தி பார்த்தால், எவ்வளவு பெரிய செல், எத்தனை மணி நேரம் ஓடியது என்று தேடுங்கள். இரண்டும் இல்லையென்றால் செய்தியை மூடிவிடலாம். குவாண்டம் புள்ளி (சில நானோமீட்டர் அளவுள்ள படிகத் துகள்), நானோ கம்பி, தங்கத் துகள் என்று வருகிற எல்லாவற்றுக்கும் இதே அளவுகோல்தான். குவாண்டம் புள்ளிக்கு 2023-ல் வேதியியல் நோபல் கிடைத்தது நியாயம், துகளின் அளவை மாற்றினால் உறிஞ்சுகிற நிறமே மாறுவது அற்புதம், ஆனால் வியாபாரம் என்று பார்த்தால் அது டிவி திரைக்குத்தான் போனது, மாடிக்கு வரவில்லை.

பொந்து போனாலும் நானோ போகவில்லை, வேறு வாசல் வழியாக வந்தது. பெரோவ்ஸ்கைட்டின் உள்ளே இப்போது பெரிய இழப்பு இல்லை, இழப்பு எல்லாம் அது அடுத்த அடுக்கைத் தொடுகிற எல்லையில்தான். லித்துவேனியாவின் கௌனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் பெர்லினின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் மையமும் சேர்ந்து, ஒரே ஒரு மூலக்கூறு தடிமனுள்ள அடுக்கை அந்த எல்லையில் வைத்தார்கள். கரைசலில் முக்கினால் போதும், மூலக்கூறுகளே ஒரு நுனியை ஆக்சைடில் ஊன்றிக்கொண்டு வரிசையாக நின்றுவிடும். 2020-ல் இதை வைத்துச் சிலிக்கானும் பெரோவ்ஸ்கைட்டும் அடுக்கிய செல்லில் 29 சதவீதம் தாண்டினார்கள். ஆக்சைடில் ஒரு நுனியை ஊன்றி ஒரே அடுக்காக நிற்பது யாருடைய வித்தை? சாய செல்காரர்களுடையது. மூலக்கூறு வேறு, ஊன்றும் நுனி வேறு, உத்தி அதே.

இந்த அடுக்கு செல்தான் இப்போது எல்லாருடைய நம்பிக்கையும். ஒற்றைப் பொருள் செல்லுக்கு 33 சதவீதம் பக்கம் ஒரு கூரை இருக்கிறது, இயற்பியலாளர்கள் ஷாக்லியும் குவெய்ஸரும் 1961-ல் போட்ட கணக்கின் வழி வந்தது. நீல ஒளியின் கூடுதல் ஆற்றல் சிலிக்கானில் வெறும் சூடாகப் போகிறது. மேலே பெரோவ்ஸ்கைட்டை வைத்தால் நீலத்தையும் பச்சையையும் அது நல்ல வோல்டேஜில் எடுத்துக்கொள்ளும், சிவப்பும் அகச்சிவப்பும் கீழே சிலிக்கானுக்கு இறங்கும். சீன நிறுவனமான லோங்கி 2024-ல் இப்படி 34.6 சதவீதம் காட்டியது, அந்த ஒற்றைக் கூரையைத் தாண்டி. ஸ்னேத் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்ட் பிவி நிறுவனம் ஜெர்மனியின் பிராண்டன்பர்க்கில் இருக்கிற தொழிற்சாலையிலிருந்து 2024-ல் முதல் விற்பனைப் பேனல்களை அமெரிக்காவுக்கு அனுப்பியது. பேனல் திறன் 24.5 சதவீதம். இன்றைய நல்ல சிலிக்கான் பேனல் 22, 23 தருகிறது. ஆய்வக 34-க்கும் லாரியில் ஏறுகிற 24-க்கும் நடுவில் இருக்கிற அந்தப் பள்ளத்தைப் பற்றித்தான் செய்திகள் பேசுவதில்லை.

ஆயுள் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. சிலிக்கான் பேனலுக்கு 25 வருஷ உத்தரவாதம் சர்வசாதாரணம். பேனல்களுக்கு வைக்கிற சர்வதேசச் சோதனைகளில் ஒன்று 85 டிகிரி சூட்டிலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் ஆயிரம் மணி நேரம் அடைத்து வைப்பது. பழைய மெத்தில் அமோனியம் வகைப் படிகமோ 55 டிகிரி பக்கமே தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும், ஈரம் பட்டால் கறுப்பு போய் மஞ்சளாகும், அந்த மஞ்சள் ஈய அயோடைடு. சித்திரை மாதம் சென்னையில் பேனல் 60 டிகிரி தாண்டுவது ஒன்றும் அதிசயமில்லை. கூடவே கடற்காற்றின் ஈரம். அதனால்தான் மெத்தில் அமோனியத்தைக் குறைத்து ஃபார்மமிடினியம், சீசியம் என்று கலக்கிறார்கள், இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து ஓரத்தை ரப்பர் பசையால் அடைக்கிறார்கள். முன்னேற்றம் நிஜம். ஆனால் ஐரோப்பிய வெயிலில் தேறியது நம் ஊர் வெயிலில் தேறும் என்று யாரும் எழுதித் தர முடியாது, இங்கே மாடியில் வருஷக்கணக்கில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஈயம் பற்றிக் கேட்பார்கள், கேட்க வேண்டியதுதான். அரை மைக்ரான் படலத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத்தான் ஈயம் வரும். கார் பேட்டரியில் கிலோ கணக்கில் இருப்பதோடு பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் பேட்டரி ஈயம் தண்ணீரில் சுலபத்தில் கரையாது, இது கரையும். உடைந்த பேனலை மழையில் போட்டுவைக்கிற பழக்கமுள்ள ஊரில் இதை அலட்சியமாகப் பேசக் கூடாது.

இவ்வளவு பேசியதில் பழைய சாய செல் செத்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. அந்தப் பன்னிரண்டு ஞாபகமிருக்கிறதா? மங்கலான, பரவலான ஒளியில் இந்த செல் சிலிக்கானை ஓரங்கட்டிவிடும். குழல்விளக்கு, எல்.இ.டி. வெளிச்சத்தில் 30 சதவீதத்தை ஒட்டி வாங்கியிருக்கிறார்கள். ஸ்டாக்ஹோமின் எக்ஸெகர் நிறுவனம் வளைகிற பட்டையாக்கிய சாய செல், ஹெட்ஃபோன் தலைப்பட்டையில் விற்பனைக்கு வந்திருக்கிறது, அறை வெளிச்சத்திலேயே சார்ஜ் ஏறும். லோசானில் கிரேட்செலின் வளாகத்திலேயே இருக்கிற மாநாட்டுக் கூடத்தின் ஒரு முகப்பு முழுக்கச் சிவப்பும் பச்சையும் ஆரஞ்சுமாகச் சாய செல் கண்ணாடி. என் பார்வையில் இந்த செல்லின் எதிர்காலம் மாடியில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. பேட்டரி மாற்றத் தேவையில்லாத சென்சார், ரிமோட், கடிகாரம் மாதிரிச் சில்லறைச் சாமான்களில். பெரிய பணம் இல்லை, ஆனால் பொருத்தமான வேலை.

இதை எழுதுகிறேன் என்று சொன்னதும் வீட்டில் மாமா கேட்ட கேள்வி, "அப்போ இந்தப் புதுசு வர்ற வரைக்கும் சோலார் போடாம இருக்கலாமா?" வேண்டாம் மாமா, காத்திருக்காதீர்கள். இன்றைய சிலிக்கான் பேனலே விலையிலும் ஆயுளிலும் நன்றாகத்தான் இருக்கிறது, 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் வேறு. அடுக்கு பேனல் வந்தாலும், இடம் நெருக்கடியாக இருக்கிறவர்களுக்குத்தான் முதலில் லாபம். மூன்று கிலோவாட் போடத் தாராளமாக இடமிருக்கிற மாடிக்கு ஒரு சதவீதம் கூடி என்ன ஆகப்போகிறது.

கல்லூரியில் புராஜெக்ட்டாகச் சாய செல் செய்ய நினைக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பெயின்ட் கடைப் பொடியை வாங்காதீர்கள், அதன் துகள் ஒளியைச் சிதறடிப்பதற்காகவே சில நூறு நானோமீட்டருக்குப் பெரிதாகச் செய்தது. கடையில் அனடேஸ் வகை, இருபது இருபத்தைந்து நானோமீட்டர் என்று கேட்டு வாங்குங்கள். பூச்சைத் தடிமனாக இழுத்தால் கரண்ட் கூடும் என்று தோன்றும், காய்ந்ததும் அப்படியே பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். அயோடின் கரைசலைக் கடைசியில், அளக்கப் போவதற்குச் சற்று முன்னால் விடுங்கள், சீல் இல்லாத செல்லில் அது சீக்கிரம் காய்ந்துவிடும். அப்புறம், நல்ல சட்டை போட்டுக்கொண்டு லேபுக்குப் போகாதீர்கள்.